பம்பரப் போரில் வெல்வது எது?

கட்டை, ஆணி, கயிறு: மூன்றும் ஒத்தால் வெற்றி

எந்தப் பம்பரம் வெல்லும்? சிறுவர் உலகில் இதனினும் பெரிய வினா ஒன்று இல்லை. முன்னாளில் தச்சுப் பட்டறையின் வாயிலில் நின்று, கீழே விழும் மரத்துண்டுகளை நோக்கியவாறு சிறுவர் இதனைக் கேட்டனர். இன்று கடையின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்று, யப்பானிலிருந்து வந்த வண்ணப் பம்பரங்களை நோக்கியவாறு கேட்கின்றனர். பம்பரம் மாறிற்று, வினா மாறவில்லை.

வினா சிறிதாயினும் அதனால் இல்லங்களில் எழும் தொல்லை சிறிதன்று. அண்மையில் ஒரு தந்தையார் எம்மிடம் மனம் நொந்து கூறினார்: "மாதந்தோறும் ஒரு புதிய உறுப்பு வேண்டுமென்கிறான். வாங்கிக் கொடுத்தாலும் தோற்றுவிட்டே வருகிறான். இன்னும் விலை கூடியது வாங்கினால் வெல்லலாமாம்!" மகனுடைய முகவாட்டம் ஒருபுறம், வீட்டுச் செலவு ஒருபுறம் என்று அவர் இடையில் நின்று தவிக்கிறார். அவரைப் போன்ற பெற்றோர் பலர் திருக்கோணமலையில் மட்டுமன்றி எங்கும் உளர். ஆதலின் பம்பரப் போரில் வெற்றி எதனால் விளைகின்றது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடைத்து என்று கருதுகின்றோம்.

வட்டத்துள் நிகழும் போர்

முதலில் நம் மரப்பம்பரத்தை எடுத்துக்கொள்வோம். மாரி மழை ஓய்ந்து மண் இறுகிய பின்னர் தரையில் ஒரு வட்டம் கீறப்படும். யாவரும் ஒருங்கே பம்பரத்தைச் சுழற்றி எறிந்து, சுழலும் பம்பரத்தைக் கயிற்றால் கோலி மேலெழுப்பிக் கையிற் பிடிப்பர். பிந்தியவன் தன் பம்பரத்தை வட்டத்துள் வைத்தல் வேண்டும். ஏனையோர் தத்தம் பம்பரத்தை ஓங்கி எறிந்து, அதன் ஆணியால் வட்டத்துள் இருப்பதைக் குத்துவர். குத்துண்ட கட்டையிற் பதியும் வடுவைத் தமிழ்நாட்டுச் சிறுவர் 'ஆக்கர்' என்பர். ஊருக்கு ஊர் விதிகள் சிறிது வேறுபடினும் ஆட்டத்தின் உயிர் இதுவே.

இதிற் பம்பரத்துக்குத் தொழில் இரண்டு என்பதை நோக்குக. ஒன்று குத்துதல், மற்றொன்று குத்துத் தாங்குதல். குத்தும் பம்பரத்துக்குக் கனமும் கூர்மையும் வேண்டும். தாங்கும் பம்பரத்துக்கோ பிளவுறாத நார்ப்பிடிப்பு வேண்டும். இவ்விரண்டும் ஒரே கட்டையில் நிறைவாக அமைதல் அரிது. எல்லாத் தொழிலுக்கும் ஏற்ற ஒரே பம்பரம் எது என்று தேடத் தொடங்குபவன் முதலடியிலேயே வழி தவறிவிடுகின்றான்.

கட்டையின் குணம்

திருக்கோணமலை மாவட்டத்தார் மரத்துக்கு வறியவரல்லர். முதிரை, பாலை, கருங்காலி, வீரை, சாவண்டலை ஆகியன உலர்வலயக் காடுகளுக்கே உரிய மரங்கள். இவற்றுட் சாவண்டலைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இம்மரத்தை ஆங்கிலேய மரவணிகர் 'திருக்கோணமலை மரம்' என்றே அழைத்தனர். நம் துறைமுகத்தின் பெயரே அதற்குப் பெயராயிற்று. சென்னைக் கரையில் அலை கடந்து சென்ற மசூலாப் படகுகளைக் கட்டுதற்கும் இம்மரம் பயன்பட்டது. அலை மோதினும் பிளவாது வளைந்து கொடுக்கும் அதன் இயல்பே இதற்குக் காரணமாகும்.

படகுக்கு நன்மை பயந்த அந்த இயல்பு பம்பரத்துக்கும் நன்மையே. வன்மையும் உறுதியும் ஒன்றல்ல என்பதைச் சிறுவர்க்கு உணர்த்த வேண்டும். கருங்காலி மிக வன்மையுடையது; ஆயினும் ஓங்கிய குத்து ஒன்று நாரோட்டத்தின் வழியே பாயுமாயின் அது வெடித்துவிடக்கூடும். புளிய மரம் அவ்வாறன்று. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலின் எளிதிற் பிளவாது. இறைச்சி வெட்டும் கட்டைக்குப் புளிய மரத்தைத் தெரிவது இதனாலேயே. கொய்யாக் கிளையும் இத்தன்மையதே. ஆகவே குத்துதற்குப் பாலை, முதிரை போன்ற கனத்த கட்டையும், தாங்குதற்குப் புளி, கொய்யா, சாவண்டலை போன்ற உறுதியான கட்டையும் ஏற்றன.

ஓர் எச்சரிக்கை. காட்டு மரத்தை அனுமதியின்றித் தறித்தல் சட்டப்படி குற்றமாகும். ஒரு பம்பரத்துக்கு உள்ளங்கையளவு துண்டு போதும். தளபாடப் பட்டறையிற் கழியும் துண்டும், வீட்டு முற்றத்துக் கொய்யாவிற் கழித்த கிளையும் இதற்குப் போதியவை. பச்சை மரத்தை உடனே கடையலாகாது. நிழலிற் பல வாரம் உலர விடுதல் வேண்டும். வெட்டுமுகங்களில் மெழுகு பூசி வைத்தால் வெடிப்புக் குறையும். பச்சைக் கட்டையில் அடித்த ஆணி, கட்டை உலர்ந்ததும் தளர்ந்து ஆடும்; ஆடும் ஆணியுடைய பம்பரம் எக்காலும் வெல்லாது.

வடிவமும் கருதத்தக்கது. இரண்டு பம்பரம் ஒரே நிறையுடையனவாயினும், நிறை அச்சுக்கு அண்மையில் திரண்டிருப்பது ஒன்று, விளிம்பிற் பரந்திருப்பது மற்றொன்று எனின், பின்னையதே நெடுநேரம் சுழலும். அச்சிலிருந்து நிறை இருக்கும் தூரம் இரட்டித்தால், சுழற்சியை மாற்றுதற்கு எதிரான ஆற்றல் நான்கு மடங்காகும். பௌதிகவியலார் இதனைச் சடத்துவத் திருப்பம் என்பர். ஆயின் அத்தகைய அகன்ற பம்பரத்தைச் சுழற்றத் தொடங்குதற்கும் மிகுந்த வலு வேண்டும். எட்டு வயதுச் சிறுவன் பதினைந்து வயதுத் தமையனுடைய பம்பரத்தை எறிந்து தோற்பதற்குக் காரணம் இதுவே. பம்பரம் கைக்கு ஒத்ததாயிருத்தல் வேண்டும்.

ஆணியும் தரையும்

ஆணியைத் தரையோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். கூரிய ஆணி இறுகிய மண்ணிற் பற்றி நிற்கும், குத்துக்கும் உதவும். ஆனால் இளகிய மண்ணில் அது தானே குழி தோண்டிக்கொண்டு இறங்கும். குழியின் சுவர் ஆணியை உரசச் சுழற்சி விரைவில் ஓயும். கடற்கரை மணலிற் பம்பரம் ஆடாமைக்குக் காரணம் இதுவே. சீமெந்துத் தரையில் நுனி சற்றே உருண்ட ஆணி நன்று. அது தரையைக் கீறாது. சாய்ந்து எறியப்பட்ட பம்பரம் தானே நிமிர்ந்து நிற்பதற்கும் அந்த உருண்ட நுனியின் உராய்வே துணை செய்யும். நிமிர்ந்து அசைவற்றதுபோல் நின்று சுழலும் அந்நிலையையே பம்பரம் உறங்குகின்றது என்கின்றோம்.

ஆணியின் நீளமும் அளவறிந்து அமைத்தற்குரியது. நீண்ட ஆணி கட்டையை உயர்த்திவிடும். உயர்ந்தது எளிதிற் சாயும். குறுகிய ஆணியோ சிறிது சாய்ந்தவுடன் கட்டையின் விளிம்பைத் தரையில் உரசச் செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தேய்த்துத் தேய்த்துத்தான் காணல் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது ஆணி கட்டையின் நடு அச்சில் நேராக இறங்கியிருத்தல். ஆணியின் பருமனிலும் சற்றுச் சிறிய துளையை முதலில் இட்டு, பின்னரே ஆணியை இறக்கினால் கட்டையும் பிளவாது, ஆணியும் கோணாது.

கயிறு என்னும் மறைந்த படைக்கலம்

கட்டையையும் ஆணியையும் பற்றி மணிக்கணக்காகப் பேசும் சிறுவர் கயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. உண்மையிற் பம்பரத்துக்கு உயிரூட்டுவது கயிறே. ஆணியருகே தொடங்கி அகன்ற பகுதியை நோக்கிக் கயிறு சுற்றப்படுகின்றது. எறியும்போது அகன்ற பகுதியிலுள்ள சுற்றுக்கள் முதலிற் கழல்கின்றன. குறுகிய பகுதியிலுள்ளவை இறுதியிற் கழல்கின்றன. அகன்ற இடத்தில் இழுப்பு எளிது. குறுகிய இடத்தில் வேகம் மிகுதி. மூன்று சென்ரிமீற்றர் ஆரையுள்ள இடத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் ஆரையுள்ள இடத்துக்குக் கயிறு வந்து சேருங்கால், கயிற்றின் வேகம் மாறாதிருப்பினும் பம்பரத்தின் வேகம் மும்மடங்காதல் வேண்டும். மோட்டார் வண்டி தாழ்ந்த கியரிற் புறப்பட்டு உயர்ந்த கியருக்கு மாறுவதை ஒத்த தந்திரம் இது. எழுத்தறியாத முன்னோர் கூம்பு வடிவிற் பம்பரம் கடைந்தபோது இந்த நுட்பத்தையும் உடன் கடைந்துவிட்டனர்!

ஒரு சிறு கணக்கையும் பார்ப்போம். கயிறு விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில், 2 சென்ரிமீற்றர் ஆரையுள்ள இடத்திலிருந்து கழல்கிறது என்று கொள்க. அவ்விடத்துச் சுற்றளவு ஏறத்தாழ 12½ சென்ரிமீற்றர். எனவே பம்பரம் விநாடிக்கு 40 தடவை சுழலும். கயிறு வழுக்கினால் இக்கணக்கு முழுவதும் வீணாகும். மீனவர் பயன்படுத்தும் நைலோன் கயிறு உறுதியிற் சிறந்ததாயினும் மழமழப்பான கட்டையில் வழுக்கும். முறுக்கேறிய பருத்திக் கயிறு பற்றிக்கொள்ளும். நைலோன் கயிறே கைக்குக் கிட்டுமாயின், கட்டையின் அடிப்பகுதியில் மெல்லிய வரிப்பள்ளங்கள் இடுதல் நன்று.

யப்பானியப் பம்பரம் வந்த வரலாறு

இனிக் கடைப் பேழையிலுள்ள பம்பரத்துக்கு வருவோம். யப்பானில் 'பேகோமா' என்றொரு பழம் பம்பர ஆட்டம் உண்டு. தொடக்கத்திற் புரிச்சங்கு போன்ற சிப்பியின் ஓட்டில் மணலை நிரப்பி மெழுகால் அடைத்துச் சுழற்றினர். பின்னர் வார்ப்பிரும்பால் செய்தனர். வாளியின் வாயிற் கித்தான் துணியை இறுகக் கட்டி, அக்குழிந்த களத்திற் பம்பரங்களை மோதவிடுவர். வெளியே தள்ளுண்டது தோற்றது. வெல்ல விரும்பியோர் இரும்பை அராவியும் மெழுகு பூசியும் தம் பம்பரத்தைத் திருத்திக்கொண்டனர். அவ்வாட்டத்தைத் தழுவி 1999 ஆம் ஆண்டில் தகாரா நிறுவனம் வெளியிட்டதே 'பேபிளேட்'. தகாரா 2006 இல் தோமி நிறுவனத்தோடு இணைந்தது. உறுப்புக்களைக் கழற்றி மாற்றிப் பூட்டலாம் என்பதே இப்பம்பரத்தின் புதுமை.

2023 இல் வெளிவந்த 'பேபிளேட் எக்ஸ்' வரிசையில் உறுப்புக்கள் பெரும்பாலும் மூன்று. மேலே மோதும் அலகு, நடுவே பூட்டும் சக்கரம், கீழே நுனி. சக்கரத்தின் பெயர் இரண்டு எண்களால் ஆனது. முன்னெண் அதன் பக்கப் புடைப்புக்களின் தொகையைக் காட்டும். பின்னெண் உயரத்தைக் காட்டும். 60 தாழ்ந்தது, 80 உயர்ந்தது. நம் கட்டையும் ஆணியும் வேறு வடிவிற் புகுந்திருப்பதை வாசகர் உணர்வர். ஏவுகருவியின் இழுகயிறு நம் கயிற்றின் பேரப்பிள்ளை!

முதலில் வெளிவந்த நான்கு பம்பரங்களே சேர்க்கையின் இலக்கணத்தைத் தெளிவாகப் புகட்டுகின்றன. 'டிரான்சோர்ட்' என்பது 3-60 சக்கரமும் தட்டை நுனியும் உடையது. தட்டை நுனி தரையோடு மிகுதியாக உராய்ந்து களமெங்கும் பாய்ந்தோடும். ஆகவே அது தாக்கும் பம்பரம். 'விசார்ட் ஆரோ' 4-80 சக்கரமும் உருண்டை நுனியும் உடையது; நெடுநேரம் நின்று சுழலும். 'நைட் ஷீல்ட்' 3-80 சக்கரமும் ஊசி நுனியும் உடையது; இடம்பெயராது நின்று அடி தாங்கும். 'ஹெல்ஸ் சைத்' 4-60 சக்கரமும் கூம்பி முனை மழுங்கிய நுனியும் உடையது. தாக்குதலும் நிலைத்தலும் கலந்தது. களத்தின் விளிம்பிற் பல் வைத்த தண்டவாளம் ஒன்று உண்டு. நுனியிலுள்ள பற்கள் அதிற் பொருந்தினால் பம்பரம் திடீரென்று விரைந்து பாயும்.

சேர்க்கையைத் தெரியும் முறை

இவ்வாட்டத்தின் புள்ளி முறையை அறியாது உறுப்பு வாங்குதல் வீண். எதிரியின் பம்பரம் முன்னதாக ஓய்ந்தால் ஒரு புள்ளி; பக்கக் குழியில் வீழ்ந்தாலோ உறுப்புக் கழன்று சிதறினாலோ இரண்டு புள்ளி; நடுவாயிலின் வழியே வெளியே தள்ளுண்டால் மூன்று புள்ளி. நான்கு புள்ளியை முதலில் எய்தியவர் வென்றவர். எனவே நின்று சுழன்றே வெல்ல எண்ணுபவன் நான்கு சுற்று வெல்ல வேண்டும். தாக்கி வெல்பவனுக்கு இரண்டு சுற்றே போதியதாகலாம். ஆனால் தாக்கும் பம்பரம் தன் வேகத்தை விரைவிற் செலவழித்துவிடும். முதல் மோதல்களிற் பலன் காணாவிடின் அது தானே ஓய்ந்துவிடும். வரவும் செலவும் அறிந்தவனே நல்ல வணிகன் என்பது இங்கும் பொருந்தும்.

எதிரியைப் பொறுத்தே சேர்க்கையும் மாறும். உயர்ந்த சக்கரத்தின் மேல் நிற்கும் பம்பரத்தைத் தாழ்ந்தது கீழிருந்து தாக்கிக் கவிழ்க்க முயலும். தாழ்ந்ததோ சிறிது சாய்ந்தாலும் தரையில் உரசும். சுழலும் திசையும் ஒரு கருவியே. ஒரே திசையிற் சுழலும் இரண்டு பம்பரம் மோதுமிடத்து விளிம்புகள் எதிரெதிராய் ஓடுதலின் அடி கடுமையாகும். எதிர்த்திசையிற் சுழல்வன மோதினால், பற்சக்கரங்கள் போல விளிம்புகள் ஒரே பக்கமாய் ஓடும். வேகம் மிக்கதிலிருந்து குறைந்ததற்குச் சுழற்சி கைமாறும். 2024 இல் இவ்வரிசையில் வெளிவந்த 'கோபால்ட் டிரகூன்' இடப்பக்கமாகச் சுழல்வது. நம் மரப்பம்பர ஆட்டத்தில் இடக்கைச் சிறுவன் எறிவதும் பெரும்பாலும் இவ்வாறு எதிர்த்திசையிற் சுழல்வதே.

மும்மூன்று பம்பரங்களோடு பொருதும் போட்டியில், ஒருவன் தன் மூன்று பம்பரங்களிலும் ஒரே உறுப்பை இருமுறை பயன்படுத்தலாகாது. இவ்விதி மிக நல்லது. மிகச் சிறந்த நுனி ஒன்றே உண்டெனின் அதனை ஒரு பம்பரத்துக்குத்தான் கொடுக்கலாம். ஏனைய இரண்டையும் இருப்பதைக் கொண்டு அமைக்க வேண்டும். உள்ளதைப் பகிர்ந்து குடும்பம் நடத்தும் அன்னையின் திறமை இது.

சேர்க்கையைச் சோதிப்பதற்கு நாம் மாணவர்க்குச் சொல்லும் வழி எளிது. ஒரு கொப்பியை எடுத்துக்கொள்க. ஒரு தடவையில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றுக. அதே எதிரியோடு, அதே களத்தில், 20 சுற்று ஆடிப் பெறுபேற்றை எழுதுக. மூன்று உறுப்புக்களையும் ஒருங்கே மாற்றினால் எதனால் வென்றோம் என்பது விளங்காது. 20 இல் 11 வென்றுவிட்டால் துள்ளற்க. இரு பம்பரமும் முற்றிலும் சமமாயிருப்பினும், ஒன்று 11 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 41 ஆகும். அது நாணயச் சுண்டல் போன்றது. 15 அல்லது அதற்கு மேல் வென்றால் நம்பலாம். சமமான பம்பரங்களுக்கு அவ்வாறு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டளவே. இக்கொப்பி நிரம்புமுன் புதிய உறுப்பு வாங்குவதில்லை என்று தந்தையும் மகனும் உடன்படிக்கை செய்துகொள்ளட்டும். செலவும் குறையும், விஞ்ஞானமும் வளரும்.

துறைமுகத்துப் பம்பரம்

பம்பரம் வெறும் விளையாட்டுத்தானே என்பார் உளர். அவர்கள் உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் பெருங்கப்பலை நோக்கட்டும். இரும்பாலான கப்பலிற் காந்த ஊசி திரிபடையும். விரைந்து சுழலும் சில்லோ தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது. பூமியின் சுழற்சியோடும் புவியீர்ப்போடும் இசைவித்து அமைத்தால் அது மெய்யான வடதிசையிலேயே நிலைகொள்ளும். செருமனியரான அன்சூட்ஸ் கேம்ப்ஃபே அமைத்த இத்தகைய திசைகாட்டி 1908 இற் கப்பலிற் சோதிக்கப்பட்டது. அமெரிக்கரான எல்மர் ஸ்பெரியின் கருவி 1911 இற் கப்பலேறியது. கொட்டியாரக் குடாவைக் கடந்து உள்ளே வரும் பெருங்கப்பல்களுள் மிகப் பலவற்றுக்கு இன்றும் வழிகாட்டும் கருவிகளுள் இஃதும் ஒன்று. வட்டத்துள் உறங்கும் பம்பரமும் கப்பலின் திசைகாட்டியும் ஒரே விதிக்கு அடங்கியவை. தன் பம்பரம் ஏன் சாயாது நிற்கின்றது என்று வினவும் சிறுவன், மாலுமியின் கல்விக்கும் பொறியியலாளன் கல்விக்கும் வாயிலைத் தட்டுகின்றான்.

பெற்றோர்க்கு

மரப்பம்பர ஆட்டத்திற் சில காவல்கள் இன்றியமையாதன. குத்தும்போது சுற்றி நிற்போர் பல அடி விலகி நிற்றல் வேண்டும். குனிந்து பார்க்கும் சிறு பிள்ளைகளை அருகே விடலாகாது. கயிற்றிற் சிக்கித் திரும்பிப் பாயும் பம்பரம் கண்ணைக் குருடாக்கவல்லது. யப்பானியப் பம்பரத்தையும் அதற்குரிய மூடிய களத்திலன்றி நிலத்திற் சுழற்றலாகாது. போலி உறுப்புக்கள் விலை மலிந்தனவாயினும் அளவிற் பிசகி உடைந்து தெறிக்கக்கூடும். அவற்றைத் தவிர்த்தல் நலம்.

வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையின் மனத்தையும் எண்ணுதல் வேண்டும். ஒரு தெருவில் ஐந்து சிறுவர் விலையுயர்ந்த பம்பரம் வைத்திருக்க, ஆறாவது சிறுவன் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். கொய்யாக் கட்டையும் ஓர் ஆணியும் ஒரு கயிறும் அவனைக் களத்துக்குள் கொண்டுவரும். ஆதலின் கடைப்பம்பரம் வைத்திருப்போரும் வாரத்தில் ஒருநாள் மரப்பம்பரம் ஆடும் வழக்கத்தைப் பெரியோர் தொடக்கிவைத்தல் நன்று. தாத்தாமார் பலர்க்குக் கை இன்னும் மறக்கவில்லை. பேரனுக்குக் கயிறு சுற்றக் கற்பிக்கும் வாய்ப்பை அவர்கட்கு நல்கினால், வீட்டுத் திண்ணையே களமாகிவிடும்.

எந்தப் பம்பரம் வெல்லும் என்று இனி மகன் கேட்டால், "எந்தத் தரையில், எவனுடைய பம்பரத்துக்கு எதிராக, யார் கையால்?" என்று தந்தையார் திருப்பிக் கேட்கட்டும். அதற்கு மகன் விடை தேடும் நேரத்தில் கடைக்குப் போகும் எண்ணம் தானே தணிந்துவிடும்.